அக்கினி மூலையில் ஒரு தாங்கி

விதி தெளிவானது. எரிபொருள் சேமிக்கும் தாங்கி, அடுப்பு எரியும் இடத்திலிருந்து நன்கு விலகியிருத்தல் வேண்டும். நிலத்தில் படாமல் உறுதியான பீடத்தின் மேல் வைக்கப்படல் வேண்டும். கசிவு பரவாதபடி அதைச் சுற்றி வரம்பு கட்டப்படல் வேண்டும். காற்றுக்குழாய் திறந்திருத்தல் வேண்டும், அருகில் மணல் வாளி நிறைந்திருத்தல் வேண்டும், இவையெல்லாம் தொடங்குவதற்கு முன்னர் அனுமதி பெறப்படல் வேண்டும்.

தாங்கிகளைப் பார்வையிட்டு அனுமதி கொடுக்கும் என்னுடைய உத்தியோக காலம் முழுவதும் இப்படி ‘வேண்டும்’ என்று முடிகிற வசனங்களோடுதான் கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் பழகிய பழக்கத்தில், டீசல் கலனை அடுப்பெரியும் குசினியின் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் அயலவர்களைக் கண்டால் வாய் சும்மா இருப்பதில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டு, “ஓம் அன்ரி, ஓம் அன்ரி” என்கிறார்கள். கலன் அங்கேயே இருக்கிறது. அவர்களில் எனக்குக் கோபமில்லை. மேற்படி விதியின் ஒவ்வொரு சொல்லும் தலைகீழாக நிறைவேற்றப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள் நான்.

வீடு கிளிநொச்சிப் பக்கம், ஒரு குடியேற்றத் திட்டத்தில், வாய்க்கால் தெருவோரம் இருந்தது. அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். காணி அரசாங்கம் தந்தது என்பதால் அதில் எதைச் செய்வதானாலும் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தெருப்பக்கம் சாய்ந்த முருங்கைக் கொப்பை வெட்டுவதற்கும் அனுமதி கேட்டு எழுதியவர். அனுமதி வரும் முன் கொப்பு தானே முறிந்து விழுந்தது. அதையும் ஒரு கடிதத்தில் அறிவித்தார். போகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் காபன் தாள் வைத்து எடுத்த கரிப்பிரதி இருக்கும். வருகிற கடிதம் ஒவ்வொன்றின் மூலையிலும் ‘கிடைத்தது’ என்று எழுதித் திகதியிடுவார். அம்மாவுக்குக் குசினியைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. புகைக்குள் குந்தியிருந்து கண் பழுதாகிறது என்பார். அப்பா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: அது கட்டட வேலை, அனுமதி வேண்டும், எழுதிப் பார்ப்போம். எழுதியும் பார்த்தார். பதில் வரவில்லை.

கோடையில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எங்களிடம் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மெசின் இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு எண்ணெய் லொறி வருவதோ அதன் மனம்போல. வந்த அன்று வாங்கிச் சேமித்தால்தான் மிளகாய் பிழைக்கும். ஆகையால் வீட்டுக்கு ஒரு தாங்கி வேண்டும் என்று முடிவாயிற்று. தெரிவு செய்யும் பொறுப்பு மாமாவிடம் போனது. மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மெசினைக் கயிறு சுற்றி இழுத்து ஸ்ராட் பண்ணக்கூடிய ஒரே ஆள் என்பதால், இரும்பு சம்பந்தப்பட்ட எல்லா விடயங்களிலும் அவர் சொன்னதே சட்டம்.

பளையில் ஒரு தென்னந்தோட்டத்தில் பழைய சாமான்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ட்ரக்டர் பெட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே பூவரச மரத்தின் கீழ் ஒரு தாங்கி கிடந்தது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை எவை என்பதைப் பிற்காலத்தில் நானே பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்: ஒட்டு விட்டிருக்கிறதா, உள்ளே துரு எவ்வளவு, பைப்பின் மரை தேய்ந்திருக்கிறதா, முன்பு அதில் என்ன இருந்தது. மாமா இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். சந்தையில் அம்மா மண்சட்டி வாங்குவது அப்படித்தான். கீறல் விழுந்த சட்டி மொத்தென்று சத்தம் போடும், நல்ல சட்டி ணங்கென்று கேட்கும். வெறும் இரும்புத் தாங்கி எந்தக் காலத்திலும் ணங்கென்றுதான் கேட்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. காற்றுக்குழாய் இருக்க வேண்டிய துளையில் ஒரு மரக்கட்டை அடித்து இறுக்கப்பட்டிருந்தது. மாமா அதையும் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

“கேட்டியேக்கா சத்தத்தை?” என்றார், வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டு மறுபடி தட்டிக்காட்டி. “கோயில் மணி மாதிரி.”

“மணி எண்டால் கோயில்ல கொண்டுபோய்க் கட்டு. இதை எங்கை வைக்கப்போறாய்?”

அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. வீட்டின் தென்கிழக்கு அக்கினி மூலை. அதனால்தான் எல்லோர் வளவிலும் குசினி அந்த மூலையில் இருக்கிறது. மண்ணெண்ணெய் நெருப்புக்குரிய சாமான். நெருப்புக்குரிய சாமான் அக்கினி மூலையில் இருந்தால் வீடு விளங்கும், வேறு மூலையில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அப்பா இதை ஆட்சேபிக்கவில்லை. சாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டும் ‘வேண்டும்’ என்றுதான் முடியும். குசினித் தாவாரத்தின் கீழ், தென்னங்கிடுகுச் சுவரோடு சுவராக, நாலு கல்லின் மேல் தாங்கி குடியேறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அடுப்பு.

அன்று மாலையே அப்பா விண்ணப்பம் எழுதினார். ‘மேற்படி தாங்கி எனது வதிவிடத்தின் தென்கிழக்கு மூலையில், குசினிக்கு அருகாமையில் நிறுவப்பட்டுள்ளது’ என்ற வசனத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு அது மிக அழகாகப் பட்டது. இன்றைக்கும் ‘அருகாமையில்’ என்ற சொல்லைக் கண்டால் மண்ணெண்ணெய் மணக்கும்.

தாங்கியின் குணம் மெல்ல மெல்ல வெளிவந்தது. ஓட்டை பார்க்க மாமா முதலில் தண்ணீர் நிரப்பினார். வடித்தபோது முழுதாக வடியவில்லை. எண்ணெய் ஊற்றியபின் பைப்பைத் திறந்தால் முதலில் வந்தது அடியில் தங்கிய தண்ணீர். லாம்பு படபடவென்று பொரிந்து நூர்ந்தது. சங்கக்கடை எண்ணெயில் கலப்படம் என்று மாமா தெருவில் நின்று அறிவித்தார். பிறகு, காற்றுப் போக வழியில்லாததால் எண்ணெய் நூல்போல வந்து நின்றது. ‘எண்ணை முடிஞ்சுது’ என்று மெசினை நிறுத்தி ஒருநாள் முழுவதும் மிளகாயைக் காயவிட்டோம். கடைசியில் பைப் ஒழுகத் தொடங்கியது. மாமா உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினார். அது சிலநாள் நிற்கும், சிலநாள் நிற்காது. ஒழுகுவது நிலத்தில் இறங்காதிருக்கக் கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டார். சாக்கு சொட்டுச் சொட்டாகக் குடித்துக் கறுத்தது.

அம்மா அதைத் தினமும் பார்த்தார். குனிந்து அடுப்பு ஊதும்போதெல்லாம் சுவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஊதுவார். காய்ந்த தென்னம்பாளையும் கொக்கரையும் எரிகிற அடுப்பு. வெடித்துப் பொறி பறக்கும்.

“இஞ்சேருங்கோ,” என்றார் ஒருநாள் அப்பாவிடம், “இதை வேலிப்பக்கம் தள்ளி வையுங்கோ. எனக்குச் சமைக்கப் பயமாக் கிடக்கு.”

“இப்ப அசைக்கேலாது. குசினிக்குப் பக்கத்தில எண்டு விண்ணப்பத்தில எழுதிப்போட்டன். பதில் வரமுதல் நகர்த்தினால் நான் குடுத்தது பொய்த் தகவல் ஆகிப்போகும்.”

“நெருப்புப் பிடிச்சு எரிஞ்சால் மெய்த் தகவலோ?”

அப்பா மறுநாள் நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதினார். அதற்கும் கரிப்பிரதி எடுத்தார். பாதுகாப்புக்காகக் கேட்ட அனுமதி வரும்வரை தாங்கி பாதுகாப்பில்லாத இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை, அம்மாவைத் தவிர. எனக்கும் தெரியவில்லை. நான் அப்பாவின் கட்சி.

கோடை முடிந்து நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு மண்வெட்டி, கத்தி, தேங்காய்த் திருவலை, சைக்கிள், மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் பேனைக்கும் வைப்போம். கோடை முழுதும் உழைத்த தாங்கியை மட்டும் விடலாமா என்று மாமா கேட்டார். நெற்றி என்று அவர் தீர்மானித்த இடத்தில் மூன்று குறி திருநீறு இழுத்தார், குங்குமம் வைத்தார், மூடியில் செவ்வரத்தம்பூ செருகினார். பார்க்க ஏதோ குட்டை உருவான, கோபக்கார வைரவர் போல இருந்தது. நான் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

அம்மா உள்ளே படையலுக்குக் கச்சான் கடலை வறுத்து இறக்கி, மணலோடு ஆறவைத்திருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். “பொட்டு வைச்சது காணும். நெருப்புக் கொண்டுபோகாதை தம்பி!”

“கற்பூரம் காட்டாமல் பூசை என்னண்டக்கா நிறைவேறுறது? தூரத்தில நிண்டு காட்டுறன்.”

தட்டம் சாமி அறையில் இருந்தபடியால் மாமா ஒரு வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். தூரத்தில் நின்றுதான் காட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெற்றிலைக்குத் தாங்குசக்தி குறைவு. சுருண்டு அவருடைய விரலைச் சுட்டது. “ஆ” என்று கையை உதறினார். கற்பூரம் ஒரு சின்ன நட்சத்திரம் மாதிரிப் பறந்து, கோடை முழுதும் எண்ணெய் குடித்த சாக்கின் நடுவில் போய் விழுந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாக்கு முழுதாக எழுந்தது. நெருப்புப் பைப்பை நக்கியது. சவர்க்காரம் உருகி வடிந்தது, எண்ணெய் பிடித்துக்கொண்டது. கிடுகுச் சுவரின் ஓரம் கறுத்துப் புகைந்தது. மாமா “தண்ணி! தண்ணி!” என்று கிணற்றடிக்கு ஓடினார். அப்பா அசையாமல் நின்றார். நான் அவருடைய வேட்டியைப் பிடித்திருந்தேன். அந்த வேட்டி நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. காற்று என்று நினைத்தேன்.

அம்மா வெளியே வந்தார். கையில் கச்சான் வறுத்த பெரிய தாச்சி. மணலும் கச்சானுமாக அப்படியே சாக்கின் மேல் கவிழ்த்தார். நெருப்பு ஒருமுறை மூச்சுவிட்டு அடங்கியது. சுவர் ஓரத்தில் மிஞ்சியதைத் தாச்சியின் அடியால் அடித்து நூர்த்தார். அப்போது மாமா வாளியோடு பறந்து வந்தார்.

“ஊத்தாதை! தண்ணி ஊத்தினால் எண்ணை பரவும்!”

மாமா நின்றுவிட்டார். வாளித் தண்ணீர் நிற்கவில்லை. அது முழுவதும் அப்பாவின் மேல் போய்ச் சேர்ந்தது.

தாங்கி திருநீறும் பூவுமாக ஒன்றும் நடவாததுபோல் இருந்தது. அப்பாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்காமல், தாச்சியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். மாமாவும் சிரித்தார். நான் மணலுக்குள் கிடந்த ஒரு கச்சானை எடுத்து உடைத்துத் தின்று பார்த்தேன். மண்ணெண்ணெய் மணத்தது. ஆனாலும் நல்லாக வறுபட்டிருந்தது.

சிரித்து முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“தாங்கியை அசைக்க வேண்டாம். அது உங்கட விண்ணப்பத்தில இருக்கு. என்ர அடுப்பு ஒருத்தற்றை விண்ணப்பத்திலயும் இல்லை. நாளைக்கு நான் அடுப்பைத் தூக்கிறன்.”

மறுநாள் விடிந்தபோது அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய குசினியின் கூரையில் ஏறி நின்று கிடுகு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் கந்தோர் இருந்தது, போகவில்லை. லீவுக் கடிதமும் எழுதவில்லை. அடுத்த காணி அக்கா நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கிடுகு வேய்வதென்றால் தெருவே வந்துவிடும். இன்று உனக்கு, நாளை எனக்கு. மாரி மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. மாமா கூரை தாங்கும் கப்பு நட்டார். நான் உமி கலந்த களிமண்ணை மிதித்தேன். சாம்பாறும் சோறும் முற்றத்துக் கல்லடுப்பில் வெந்தன.

“எந்த மூலையில அக்கா?” என்று மாமா அம்மாவிடம் பயந்து பயந்து கேட்டார். “அக்கினி மூலையை விட்டு அடுப்பை எடுக்கிறது சரியில்லையெல்லே?”

“அக்கினி அங்கை உன்ர தாங்கிக்குள்ள இருக்கட்டும். நான் வாயு மூலைக்குப் போறன். எனக்குக் கொஞ்சம் காத்து வேணும்.”

வாயு மூலை என்றால் வடமேற்கு. தாங்கிக்கு நேர் எதிர். தென்மேற்குச் சோளகம் அடித்தாலும் வடகிழக்கு வாடை அடித்தாலும் பொறி தாங்கிப் பக்கம் போகாத மூலை. அம்மா காற்றின் திசை கணித்துத்தான் தேர்ந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மூலையில் நின்றால் வாய்க்கால் தெருவால் போகிற வருகிற எல்லோரோடும் கதைக்கலாம். பழைய குசினியிலிருந்து பார்த்தால் வேலி மட்டும்தான் தெரியும்.

அடுத்த காணி அக்கா மாமாவைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய தலையில் விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, “ணங்கெண்டு கேக்குது, நல்ல சாமான்” என்றார். பெண்கள் சிரிப்பார்கள். மாமாவும் தலையைக் குனிந்து கொடுப்பார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் சட்டம் தெரிந்த பிள்ளை. அப்பா கூரைக்கு மரம் தூக்கிப்போகும்போது பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன்:

“அப்பா, குசினி கட்டுறதுக்கு அனுமதி?”

“போய்க் களியை மிதி, பிள்ளை.”

“விண்ணப்பத்தில குசினிக்குப் பக்கத்தில எண்டெல்லே இருக்கு? இப்ப பக்கத்தில குசினி இல்லையே?”

அவர் மரத்தைத் தோளில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

குசினி முடிந்தது. முந்தியதைவிட இரண்டு பங்கு பெரிது, தெருப்பக்கம் அகலமான திறப்போடு. அம்மா முற்றத்துக் கல்லடுப்பின் கடைசித் தணலை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு, தாங்கி இருக்கிற பக்கத்தைத் தவிர்த்து வீட்டை மறுபக்கமாகச் சுற்றி வந்து புது அடுப்பில் இட்டார். பால் பொங்கியது. தெரு முழுவதும் தேத்தண்ணீர் குடித்தது.

தாங்கி தன் மூலையில் தனித்து நின்றது. அப்பா அதன் பைப்பைக் கழற்றிப் புதியது பூட்டினார். மரக்கட்டையைப் பிடுங்கி, மழை இறங்காதபடி வளைந்த ஒரு குழாய் வைத்தார். சுற்றிவர வரம்பு கட்டினார், தகரம் வேய்ந்தார், ஒரு வாளி மணலும் வைத்தார். ஒவ்வொரு கிழமையும் அடியில் தங்கும் தண்ணீரை வடித்தார். ஒரு வரிகூட யாருக்கும் எழுதாமல், அனுமதியைத் தவிர விதியில் சொன்ன அனைத்தும் நிறைவேறின. என்னுடைய சேவைக்காலத்தில் எத்தனையோ தாங்கிகளைப் பார்வையிட்டேன். தாங்கி நகராமல் குசினி நகர்ந்து விதிக்கு அமைந்த இடம் அதுவொன்றுதான்.

எனக்கோ நித்திரை கெட்டது. அனுமதியில்லாத குசினிக்காக அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் தெருப்பக்கத் திறப்பில் நின்று வாய்க்கால் தெருவைக் காவல் காப்பேன். அம்மா நான் தனக்குத் துணையாக நிற்பதாக நினைத்து, திருவிய தேங்காய்ப்பூவைக் கையில் வைத்துத் தருவார். மாரி போனது. இன்னொரு கோடை போனது. அந்தமுறை எண்ணெய் வீணாகவில்லை, மிளகாய் காய்த்துத் தள்ளியது. மறு மாரியும் வந்தது. ஜீப் வரவில்லை. தபால்காரர்தான் வந்தார்.

அன்று அம்மா பொங்கலுக்கு முற்றம் மெழுகிக்கொண்டிருந்தார். அப்பா நீள உறையைக் கத்தியால் ஒழுங்காகக் கிழித்தார். அவர் உரக்க வாசித்தார்: தங்களது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, தாங்கி குசினிக்கு அருகாமையில் அமைந்திருப்பதால் அனுமதி வழங்க இயலாது, இரண்டில் ஒன்றை அகற்றியபின் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

அம்மா மெழுகிய கையோடு நிமிர்ந்தார். “இரண்டில எதை எண்டு சொல்லேல்லையோ?”

“சொல்லேல்லை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“என்ன பதில் எழுதப்போறியள்?”

“நாளைக்கு அடுப்பு மூட்டக் காய்ஞ்ச தாள் இல்லையெண்டு சொன்னனீரெல்லே?” என்று அப்பா கடிதத்தை நீட்டினார்.

நான் திகைத்துப்போனேன். கோப்பில் போடவேண்டிய கடிதம். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். குசினி நகர்ந்த அன்று அம்மா தோற்றுவிட்டார், தாங்கியும் அப்பாவும் வென்றார்கள் என்றுதான் நான் அதுவரை கணக்கு வைத்திருந்தேன். முருங்கைக் கொப்புக்கும் எழுதியவர், ஒரு முழுக் குசினிக்கு ஏன் எழுதவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. அனுமதி வரும்வரை காத்திருக்க முடியாத விடயம் ஒன்று அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்தது என்பதும், அது தாச்சியும் கையுமாக வாசற்படியில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தது என்பதும், வேட்டி நடுங்கியது காற்றினால் அல்ல என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் சென்றது. அந்த வீடும் கரிப்பிரதிகளும் பிறகு யுத்தகாலத்து எங்கள் ஓட்டங்களில் போய்விட்டன. கடிதம் மட்டும் அதற்கெல்லாம் முன்னரே நல்லபடியாகப் போனது. அடுத்த நாள் அதில்தான் பொங்கல் அடுப்பு பிடித்தது.

ஆனாலும் அம்மா கடிதத்தை வாங்கக் கை நீட்டியபோது அப்பா, “கொஞ்சம் பொறும்” என்றார். பேனையை எடுத்துத் தாளின் மூலையில், வழக்கமான அழகான எழுத்தில் எழுதிவிட்டுத்தான் கொடுத்தார்:

‘கிடைத்தது. ஜனவரி 13.’